கண்ணிக்கும் கணக்கு உண்டு

“சும்மா இருந்த நேரத்தில் பின்னியதுதானே!” எமது தாய்மாரின் கைவேலையைப் பற்றி எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. சொல்பவர் கணவராக இருக்கலாம், மாமியாக இருக்கலாம். பெரும்பாலும் பின்னியவரே அப்படிச் சொல்லிக்கொள்வார். ஒரு சிறு குழந்தைக்கென்று குறோசே ஊசியால் பின்னிய போர்வையை அயலவர் ஒருவர் விரும்பி விலை கேட்டால், “நூற்காசைத் தந்தாற் போதும்” என்ற பதில் உடனே வந்துவிடுகின்றது. அது பணிவான பதிலாகத் தோன்றலாம். ஆனால் நீதியான பதில் அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அன்பான விவசாயக் குடும்பத்தாரே, இதை உங்களுக்கு விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு போகம் முழுவதும் வெயிலிலும் சேற்றிலும் நின்று விளைவித்த நெல்லைச் சூடடித்துக் குவித்த பின்னர், களத்தில் வந்து நிற்கும் வியாபாரி தன் வாயால் சொல்வதே விலை என்ற நிலையை அனுபவித்தவர்கள் நீங்கள். “விதைநெல்லுக்கு இவ்வளவு, உழவுக்கு இவ்வளவு, பசளைக்கு இவ்வளவு, வெட்டுக்கூலி இவ்வளவு, இதைவிடக் குறைத்துக் கேட்டால் எப்படி?” என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதே கேள்வியை உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பின்னும் பெண்ணின் வேலையைப் பற்றி ஏன் நாம் கேட்பதில்லை? வயலில் செய்த கணக்கை வீட்டில் ஏன் மறந்துவிடுகின்றோம்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. 1990இலும், 1995இலும், 2009இலும் ஊரைவிட்டு வெளியேறியவர்களில் பலர் வயலை இழந்தனர், மாட்டை இழந்தனர், உழவு உபகரணங்களை இழந்தனர். அவர்களோடு கூடவே சென்ற ஒரே தொழில் கைத்தொழில். ஓர் ஊசியையும் ஒரு பந்து நூலையும் எந்தப் பையிலும் கொண்டு போகலாம். அவ்வாறு எஞ்சிய தொழிலை நாமே பெறுமதியற்றதாக்கினால், பிறர் அதற்குப் பெறுமதி கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இயந்திரம் செய்யாத வேலை

குறோசேயைப் பற்றிப் பலர் அறியாத உண்மை ஒன்று உண்டு. இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலுக்கு இயந்திரம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். ஆனால் குறோசேயில் ஒவ்வொரு கண்ணியையும் முடித்துவிட்டே அடுத்த கண்ணிக்குப் போக வேண்டும். ஊசி துணியின் எந்த இடத்திலும் புகுந்து நூலைப் பற்றி இழுக்க வேண்டும். இந்தக் கை அசைவைச் செய்யும் இயந்திரத்தை ஆய்வுகூடங்களில் முயன்று பார்க்கின்றார்களேயன்றி, ஆலைகளில் அது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. ‘குறோசே இயந்திரம்’ என்று ஆடைத் தொழிற்சாலைகளில் அழைக்கப்படுவது வேறு வகைப் பின்னலைச் செய்வதாகும்.

இதன் பொருள் என்ன? உண்மையான குறோசே வேலை எங்கு விற்பனைக்கு இருந்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவரின் விரலால் ஆனது. கடையில் அது மிக மலிவாகத் தொங்குமானால், இயந்திரம் அதை மலிவாக்கவில்லை. எங்கோ ஒரு பெண்ணின் கூலி கொடுக்கப்படாமல் விடப்பட்டிருக்கின்றது. எமது பெண்கள் அந்த விலையோடு போட்டியிட முயல்வது, கூலி கொடுக்கப்படாதவரோடு போட்டியிடுவதாகும். அப்போட்டியில் வெல்பவரும் தோற்றவரே.

அயர்லாந்து கற்றுத்தந்த பாடம்

நிலத்தை நம்பி வாழ்ந்த மக்கள் குறோசே ஊசியைப் பற்றிக்கொண்டு பிழைத்த வரலாறு அயர்லாந்தில் உண்டு. 1845இல் அங்கு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. அதையே அன்றாட உணவாகக் கொண்டிருந்த ஏழைக் குடியானவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்த பஞ்சத்தில் வீழ்ந்தனர். ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி அந்நிய நாடுகளுக்குச் சென்றனர்.

அக்காலத்தில் கோர்க் நகரை அடுத்த பிளாக்றொக்கில் உர்சுலைன் கன்னியர் பெண்களுக்குக் குறோசே பழக்கினர். வடக்கே மொனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் என்ற ஊரில் அங்கிலிக்கன் மதகுரு ஒருவரின் மனைவியான கசண்ட்ரா ஹாண்ட் அம்மையார் 1847 முதல் இத்தொழிலைப் பரப்பினார். ரோசாப்பூவும் மூவிலைக் கொடியும் தனித்தனியாகப் பின்னப்பட்டு, பின்னர் வலைபோன்ற பின்னலால் ஒன்றாக இணைக்கப்பட்டன. பூவைப் பின்னுபவர் ஒருவர், இலையைப் பின்னுபவர் இன்னொருவர், இணைப்பவர் வேறொருவர். உழுவதற்கு நிலமிருந்தும் விளைச்சலில்லாத குடும்பங்கள் அந்த வருமானத்தால் அடுப்பெரித்தன. இது பெருமைக்குரிய வரலாறு.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். இந்த வேலைப்பாட்டை வாங்கியவர்கள் தூர நகரங்களில் இருந்த சீமாட்டிகள். நாகரிகம் மாறும்போது அவர்களது விருப்பமும் மாறியது. 1880களில் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும், துணியில் இயந்திரத்தால் பூவேலை செய்து பின்னர் துணியை மட்டும் இரசாயனத்தில் கரைத்துவிடும் முறை வந்தது. எஞ்சிய நூல்வேலை கைப்பின்னலைப் போலத் தோற்றமளித்தது, விலையோ குறைவு. நாளடைவில் ஐரிஷ் பெண்களின் சந்தை சுருங்கியது. ஒரு பூவை மட்டும் வாழ்நாளெல்லாம் பின்னிய பெண்ணுக்கு முழு ஆடை எவ்வாறு அமைகின்றது, யார் வாங்குகின்றார், என்ன விலைக்குப் போகின்றது என்பவை தெரிந்திருக்க வழியில்லை.

இதிலிருந்து நான் பெறும் பாடம் இதுதான்: விரல் பழகினால் மட்டும் போதாது. மாதிரியை வரைபவரும் கணக்கை வைத்திருப்பவருமே தொழிலின் சொந்தக்காரர். ஏனையோர் கூலிக்காரர்.

எமது பயிற்சி வகுப்புகளை இந்தப் பாடத்தின் ஒளியில் பார்க்க வேண்டும். வாழ்வாதாரத் திட்டம் என்ற பெயரில் இரண்டு வாரப் பயிற்சி, ஒரு பை நூல், ஒரு சான்றிதழ், சேர்ந்து நின்று ஒரு புகைப்படம் என்று பல இடங்களில் முடிந்துவிடுகின்றது. முப்பது பெண்கள் ஒரே கரடிக்குட்டிப் போர்வையை ஒரே நிறத்தில் பின்னக் கற்றுக்கொள்கின்றார்கள். பை நூல் முடிந்ததும் தொழிலும் முடிகின்றது. இதற்குக் காரணம் பெண்களின் சோம்பல் அல்ல. மாதிரி வரையவும், நூலை அளக்கவும், விலை தீர்க்கவும் அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

எமது வயல் போர்வையில் வரட்டும்

இதை ஒரு போர்வையை வைத்தே பார்ப்போம். கைக்குழந்தைக்கு 75 சென்ரிமீற்றர் அகலமும் 90 சென்ரிமீற்றர் நீளமும் போதுமானது. அதில் என்ன படம் வர வேண்டும்? மாதிரிப் புத்தகங்களில் பனிமனிதனும், கரடியும், ஊசியிலை மரமும் இருக்கும். அவற்றில் குற்றமில்லை. ஆனால் எமது பிள்ளைகள் பனியைக் கண்டதில்லை. சொந்த வயலையும் காணாத பிள்ளைகள் எத்தனை பேர்! அம்மம்மாவின் வாயில் மட்டுமே குளமும் வரம்பும் வாழுகின்ற வீடுகள் உண்டு. அப்படியானால் அந்தக் குளமும் வயலுமே போர்வையில் வரட்டுமே.

கீழே 20 சென்ரிமீற்றர் குளம். அதற்கு மேல் 30 சென்ரிமீற்றர் பச்சைப் பயிர். அதற்கு மேல் 20 சென்ரிமீற்றர் முற்றிய கதிர். உச்சியில் 20 சென்ரிமீற்றர் வானம், அதில் ஒரு வெள்ளைக் கொக்கு. மொத்தம் 90. இதற்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை. பள்ளிப்பிள்ளையின் சதுரக் கோட்டுக் கொப்பியும் நிறப் பென்சில்களும் போதும். ஒரு கட்டம் ஒரு கண்ணி என்று வைத்து நிறம் தீட்டினால் அதுவே மாதிரி. வரம்பு எப்படி வளையும், கதிர் எப்படிச் சாயும் என்பதை நன்கு அறிந்தவர் வீட்டுத் தகப்பனார். ஆகவே கொப்பியில் வரையும் வேலையில் அவரும் இருந்து பங்குகொள்ளலாம்.

அச்சிட்ட மாதிரிகளைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒரே கண்ணிக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றார்கள். பிரித்தானியர் ‘டபிள் குறோசே’ என்பதை அமெரிக்கர் ‘சிங்கிள் குறோசே’ என்பர். பிரித்தானியரின் ‘ட்ரெபிள்’ அமெரிக்கருக்கு ‘டபிள்’. எமது தாய்மார் பழைய தையல் வகுப்புகளில் கற்றது பெரும்பாலும் பிரித்தானிய முறை. இன்று தொலைபேசியில் வந்து சேரும் மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்க முறை. மாதிரியில் ‘சிங்கிள்’ என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை என்று அறிந்துகொள்ளலாம். குழப்பத்தைத் தவிர்க்க, இங்கு தாழ்வான கண்ணியைக் குட்டைக் கண்ணி என்றும், ஊசியில் நூலைச் சுற்றி எழுப்பும் உயரமான கண்ணியை நெட்டைக் கண்ணி என்றும் குறிப்பிடுகின்றேன்.

மாதிரித் துண்டே முதற் கணக்கு

நாற்று மேடையைப் பார்க்காமல் வயலின் விளைச்சலைச் சொல்ல முடியாது. அதுபோல, மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னாமல் போர்வையைத் தொடங்கக்கூடாது. போர்வைக்கு எடுத்த அதே நூலாலும் அதே ஊசியாலும் 20 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டைப் பின்னுங்கள். கழுவி, காயவைத்து, அதன் நடுவில் 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என்று எண்ணுங்கள்.

உதாரணமாக, குட்டைக் கண்ணியில் 16 கண்ணிகளும் 18 வரிசைகளும் வந்தன எனக் கொள்வோம். 75 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 120 கண்ணிகள் வேண்டும். 90 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 162 வரிசைகள் வேண்டும். முழுப் போர்வையையும் குட்டைக் கண்ணியாகக் கணக்கிட்டால் 120ஐ 162ஆல் பெருக்க 19,440 கண்ணிகள். பத்தொன்பதாயிரம் தடவைக்கு மேல் ஒரு பெண்ணின் விரல் அசைந்தால்தான் ஒரு போர்வை. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். விலை பேசும்போது தேவைப்படும்.

அதே துண்டு நூலின் அளவையும் சொல்லும். தராசு உள்ள கடையில் அதை நிறுத்துப் பாருங்கள். 24 கிராம் எனக் கொள்வோம். போர்வையின் பரப்பில் இத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 17 அடங்கும். எனவே 408 கிராம். கரைவேலைக்கும் கழிவுக்கும் பத்திலொன்றைக் கூட்டி 450 கிராம் வாங்கினால் போதும். குமிழும் மேடுபள்ளமும் உள்ள பகுதி நூலைக் கூடுதலாகக் குடிக்கும். ஆகவே அதற்குத் தனித் துண்டு பின்னி நிறுப்பது நல்லது. ஒரே நிறத்து நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். வெவ்வேறு தொகுதியாகச் சாயமிட்ட நூல், பெயரளவில் ஒரே நிறமாயினும், போர்வையில் வரம்பு போட்டதுபோல வேறுபட்டுத் தெரியும்.

படம் வரைவோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கு உண்டு. 16 கண்ணிகளும் 18 வரிசைகளும் சேர்ந்தே ஒரு சதுரமாகின்றன. அதாவது கண்ணி சற்று அகலமானது, உயரம் குறைந்தது. கொப்பியில் 16 கட்டம் அகலமும் 16 கட்டம் உயரமுமாகக் கொக்கை வரைந்தால், போர்வையில் அது அமத்திய கொக்காக வரும். உயரத்தை 18 கட்டமாக்கினால் சரியாக வரும்.

நிறமும் மேடுபள்ளமும்

நிறம் மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. புது நிறம் வேண்டிய கண்ணியில் அல்ல, அதற்கு முந்திய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே புது நூலைப் பற்றி இழுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த கண்ணியின் தலை புது நிறத்தில் அமையும். கொக்கைப் பின்னும்போது, வேலைக்கு வராத நூலைத் துணியின் பின்புறம் நீட்டித் தொங்கவிடாமல், கண்ணிகளின் உள்ளே படுக்கவைத்து அதன் மேலேயே பின்னிச் செல்லுங்கள். தொங்கும் நூலில் குழந்தையின் விரல் சிக்கிக்கொள்ளும். பெரிய நிறப்பரப்புகளுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் சிறு பந்து நூலைத் தனியே வைத்துக்கொண்டால் துணி தடிக்காது. வலக்கைப் பழக்கமுள்ளோர் முன்பக்க வரிசையில் மாதிரியை வலமிருந்து இடமாகவும், துணியைத் திருப்பிய வரிசையில் இடமிருந்து வலமாகவும் வாசிக்க வேண்டும்.

குளத்துக்கு அலை வேண்டும். ஒரே வரிசையில் குட்டைக் கண்ணியில் தொடங்கி, படிப்படியாக நெட்டைக் கண்ணிக்கு உயர்ந்து, மீண்டும் குட்டைக்கு இறங்கினால் அலை எழும். அடுத்த வரிசையில் நீலத்தின் வேறொரு சாயலில், உயர்ந்த இடத்தில் குட்டையும் தாழ்ந்த இடத்தில் நெட்டையும் வைத்தால் பள்ளம் நிரம்பி விளிம்பு நேராகிவிடும்.

பயிர் வரிசைகளுக்கு, கண்ணியின் தலையில் ஊசியைக் குத்தாமல், கீழ்வரிசைக் கண்ணியின் தண்டை முன்புறமாகச் சுற்றி நெட்டைக் கண்ணி போட வேண்டும். அது மேடாக எழுந்து நிற்கும். வரிசைதோறும் ஒரே இடத்தில் இதைச் செய்தால் நாற்று வரிசைபோல நெடுக ஓடும்.

கதிருக்குக் குமிழ். ஐந்து நெட்டைக் கண்ணிகளை ஒரே இடத்தில் முடிக்காமல் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒருமிக்க இழுத்து மூடினால் ஒரு மணி திரளும். இந்த மணி நம்மை நோக்கியல்ல, அப்பால்தான் புடைக்கும். எனவே துணியின் பின்பக்கம் எம்மை நோக்கியிருக்கும் வரிசையில் இதைப் பின்னினால் மணிகள் முன்பக்கத்தில் எழும். நாலு கண்ணிக்கு ஒன்று வீதம் வைத்தால் 120 கண்ணியில் 30 மணிகள். அடுத்த மணி வரிசையில் இரண்டு கண்ணி தள்ளித் தொடங்கினால் கதிர் அடர்த்தியாகத் தெரியும்.

எந்த வரிசையிலும் முடிவில் 120 இருக்கின்றதா என்று எண்ணுங்கள். கரையில் ஒரு கண்ணி விடுபடுவது, வரம்பில் நண்டு துளையிட்டது போன்றது. உடனே தெரியாது, பத்து வரிசைக்குப் பின் போர்வை ஒருபக்கம் சரிந்து நிற்கும். முதற் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறுநிற நூற்துண்டைக் கட்டி வைத்தால் அது தப்பாது.

குழந்தை முதலில், அழகு பிறகு

எமது காலநிலைக்குப் பருத்தி நூலே உகந்தது. அக்றிலிக் நூல் மலிவானது, கழுவ இலகுவானது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குப்பி விளக்கும் விறகடுப்பும் உள்ள குடிசையில் இதைச் சிந்திக்காமல் இருக்கக்கூடாது. கண்ணிகளின் இடையில் பிள்ளையின் விரல் நுழையுமளவுக்குத் துளை இருத்தலாகாது. பொத்தான், மணி, குஞ்சம், தொங்கல் எதுவும் வேண்டாம். பிள்ளை எதையும் வாயில்தான் வைக்கும். சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை வெள்ளையோடு சேர்க்குமுன், ஒரு துண்டு நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.

ஒரு வயது நிறையாத பிள்ளை தூங்கும்போது தளர்வான போர்வை முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றார்கள். ஆகவே இப்போர்வை மடியில் ஏந்தும்போது சுற்றவும், விழித்திருக்கும் பிள்ளையைப் பாயில் கிடத்தவுமே. விற்கும்போதும் இதை வாங்குபவரிடம் சொல்வது எமது கடமை. நல்ல விலை கேட்பவர் நல்ல பொருளும் நேர்மையான சொல்லும் கொடுக்க வேண்டும்.

இனி விலை

மேலே சொன்ன 19,440 கண்ணிகளுக்குத் திரும்புவோம். பழகிய கையை மணிக்கூடு வைத்துப் பாருங்கள். நிறமாற்றமும் குமிழும் உள்ள வேலையில் நிமிடத்துக்கு 10 கண்ணிகள் எனக் கொண்டால் 1,944 நிமிடங்கள். அதாவது 32 மணித்தியாலங்களுக்கு மேல். மாதிரி வரைய, நூல் நுனிகளை உள்ளே செருக, கரை பின்ன, கழுவிக் காயவைக்க இன்னும் 8 மணித்தியாலங்கள் சேர்த்தால் 40. ஒரு வேலைநாள் 8 மணித்தியாலம் என்றால் இது ஐந்து நாள் வேலை.

உங்கள் ஊரில் களை பிடுங்கப் போகும் பெண்ணுக்கு நாட்கூலி எவ்வளவு? அதை ஐந்தால் பெருக்குங்கள். அதனுடன் நூற்காசைக் கூட்டுங்கள். அதுவே இப்போர்வையின் மிகக் குறைந்த நியாய விலை. மாதிரியை வரைந்த அறிவுக்கும், பல ஆண்டுகள் பழகிய கைக்கும் இதில் இன்னும் எதுவும் சேர்க்கப்படவில்லை. “நூற்காசைத் தந்தாற் போதும்” என்று சொல்லும்போது ஐந்து நாட்கூலியை நாம் வீசியெறிகின்றோம். ஐந்து நாள் வயலில் வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப எந்த ஆண்மகன் சம்மதிப்பார்?

“அந்த விலைக்கு யார் வாங்குவார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எமது அயலவர்களில் பலரால் வாங்க முடியாது. ஆலையில் நெய்த போர்வை அதைவிட மிக மலிவாகக் கிடைக்கும். எனவே விற்பனைக்கென்று போர்வைகளைப் பின்னிக் குவிக்க வேண்டாம் என்பதே எனது ஆலோசனை. அன்றாடச் செலவுக்கான வருமானத்துக்கு ஒரு நாளுக்குள் முடியும் தொப்பி, காலுறை போன்ற சிறு பொருட்களைப் பின்னுங்கள். போர்வையைக் கேட்டு வருபவருக்கு மட்டும், நூற்காசை முற்பணமாகப் பெற்றுக்கொண்டு பின்னுங்கள். முற்பணம் தராத கட்டளை, மழை பெய்யாமல் போட்ட விதைப்பு.

“சும்மா இருக்கும் நேரம்தானே, கிடைத்ததே இலாபம்” என்பது இன்னொரு வாதம். எமது தாய்மாருக்குச் சும்மா இருக்கும் நேரம் எது? தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்து, தோட்டத்துக்கும் போய் வந்த பின்னர் எஞ்சுவது ஓய்வுக்குரிய நேரம். அந்த ஓய்வையும் கண்ணின் ஒளியையும் விலையாகக் கொடுத்தே பின்னுகின்றார்கள். அவர் பின்னும் மாலை வேளையில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதும், ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதும் கணவரின் பங்கு. அதுவும் இத்தொழிலுக்கு இடும் முதலீடே.

மூன்றாவதாக, “அன்பினால் செய்வதற்குக் கணக்குப் பார்ப்பதா?” என்பர். சொந்தப் பிள்ளைக்கோ, சகோதரியின் பிள்ளைக்கோ பின்னுவதற்கு விலை இல்லை. அது கொடை. ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்று அறிந்து கொடுப்பதே கொடை. அறியாமல் இழப்பது இழப்பு. ஆகவே விற்காத போர்வைக்கும் மணித்தியாலங்களை எழுதி வையுங்கள். வீட்டுக் கணக்குக் கொப்பியில் நெல்லுக்கு ஒரு பக்கம் இருப்பதுபோல இதற்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்: தொடங்கிய திகதி, நூலின் நிறை, செலவான மணித்தியாலம், முடிந்த திகதி. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பிள்ளை தன் தாயின் உழைப்பை அறிந்து வளரும்.

மாதர் சங்கங்களுக்கும் பயிற்சி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சியில் முதல் நாள் ஊசியைக் கொடுக்குமுன் கொப்பியையும் பென்சிலையும் கொடுங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் ஊரின் ஒரு காட்சியைக் கட்டங்களில் வரையட்டும். மாதிரித் துண்டைப் பின்னி, நிறுத்து, எண்ணி, விலையைத் தானே சொல்லட்டும். பலர் சேர்ந்து ஒரு போர்வையைப் பின்னுவதானால், சதுரம் பின்னியவரும் இணைத்தவரும் முழுப் போர்வை விற்ற விலையை அறியும்படி சங்கக் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படட்டும். அயர்லாந்தில் பூவை மட்டும் பின்னிய பெண்ணுக்கு நேர்ந்தது எமது பெண்களுக்கு நேரக்கூடாது.

அடுத்த முறை யாராவது உங்கள் திண்ணைக்கு வந்து, போர்வையைத் தடவிப் பார்த்து, “என்ன விலை?” என்று கேட்டால், உடனே வாய் திறக்க வேண்டாம். கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வாங்குவதும் வாங்காது விடுவதும் அவர் விருப்பம். விலையைச் சொல்வது பின்னியவரின் உரிமை.